அண்ணர் பெயரில் வீடு, நம் காசில் முற்பணம்: ஈஸ்ட்ஹாம் வாசகிக்கு ஒரு சட்ட ஆலோசனை

கடிதத்தின் சுருக்கம்

கிழக்கு லண்டனில், நியூஹாம் கவுன்சிலுக்கு உட்பட்ட ஈஸ்ட்ஹாமில் வாடகை வீட்டில் வசிக்கும் 36 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் ஒரு பொருட்கிடங்கில் வேலை செய்து ஆண்டுக்கு 38,000 பவுண்டு பெறுகிறார். வாசகி முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் 24,000 பவுண்டு சம்பாதிக்கிறார். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். அதே பகுதியில் மூன்று அறைகள் கொண்ட பழைய வரிசை வீடு ஒன்றை 480,000 பவுண்டுக்குப் பேசியிருக்கிறார்கள். கூரைக்குள் லாஃப்ட் அறை ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. தோட்டத்தின் கோடியில் சமையலிடமும் கழிவறையும் உள்ள தனியறை ஒன்றும் உண்டு. அதில் இப்போது ஒருவர் வாடகைக்கு இருக்கிறார்.

கையிலுள்ள பணம் 70,000 பவுண்டு. வங்கிச் சேமிப்பு 30,000. அரசும் பணம் சேர்க்கும் சேமிப்புக் கணக்கான, வாசகியின் லைஃப்டைம் ஐசாவில் 10,000. சீட்டு எடுத்து ரொக்கமாக வைத்திருப்பது 20,000. கனடாவிலுள்ள அக்கா தருவதாகச் சொன்னது 10,000. இவர்களின் வருமானத்துக்கு மட்டும் போதிய கடன் கிடைக்காது என்பதால், ஹாரோவில் சொந்த வீட்டில் வசிக்கும் கணவரின் மூத்த அண்ணர் பெயரையும் கணவர் பெயரையும் உரிமையாளர்களாகப் பதியலாம் என்று குடும்பத்தில் முடிவாகியிருக்கிறது. அண்ணரின் சம்பளம் 58,000 பவுண்டு. வாசகியின் பெயர் "சம்பளம் குறைவு" என்ற காரணத்தால் விடப்பட்டிருக்கிறது. கணவருக்கு 2016இல் தகப்பனார் வழியாக யாழ்ப்பாணத்து வீட்டில் பாதிப் பங்கு வந்தது. "அது வெளிநாட்டுச் சொத்து, இங்கே கணக்கில் வராது, முதல் வீடு வாங்குபவர் என்று குறித்தால் ஸ்டாம்ப் டியூட்டி 9,000தான்" என்று கடன் தரகர் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரிகள் இவை: "அண்ணர்தான் எங்களை இந்த நாட்டுக்கு எடுத்தவர். அவர் சொல்லை எப்படி மறுப்பது? என் பெயர் இல்லாவிட்டாலும் வீடு எங்களுடையதுதானே?"

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. இப்போது திட்டமிட்டிருக்கிறபடி பதிந்தால், சட்டத்தின் கண்ணில் அந்த வீடு உங்கள் கணவருக்கும் அவருடைய அண்ணருக்கும் உரியது. உங்கள் பணம் அதில் இருக்கிறது என்பதை நீங்கள் பின்னொரு நாள் நிரூபிக்க வேண்டியிருக்கும். அண்ணர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. ஆனால் வீட்டு வழக்குகளில் நான் காண்பவர்களில் பெரும்பாலானோர் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் இறந்துபோகிறார், ஒருவரின் மணவாழ்வு முறிகிறது, ஒருவர் தொழிலில் நொடித்துப் போகிறார். அப்போது, பேச்சோடு நின்றுபோன நல்லெண்ணங்களுக்குப் பதிவேட்டில் இடமில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது பெயரைக் காட்டிலும் அவசரமாக வேறொன்று என் கண்ணில் பட்டது. உங்கள் திட்டம், வரிக் கணக்கு ஒன்றினாலேயே நின்றுபோகக்கூடியது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். கீழே நான் தரும் வரி வீதங்கள் இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளவை.

ஸ்டாம்ப் டியூட்டி: 9,000 அல்ல, 38,000

முதல் வீடு வாங்குபவர்களுக்கான சலுகையில், 500,000 பவுண்டுக்கு மேற்படாத வீட்டுக்கு முதல் 300,000 வரை வரி கிடையாது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதம். 480,000 பவுண்டு வீட்டுக்கு 180,000இன் 5 சதவீதம், அதாவது 9,000. தரகர் சொன்ன கணக்கு அந்த அளவில் சரி. ஆனால் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. வாங்குகிறவர்கள் அனைவருமே உலகின் எந்த மூலையிலும் இதற்கு முன் வீடு எதற்கும் உரிமையாளராக இருந்திருக்கக் கூடாது என்பது விதி. பரம்பரையாக வந்த பங்கும் இதில் சேரும். உங்கள் கணவர் 2016லிருந்தே இந்தச் சலுகைக்கு வெளியே இருக்கிறார். ஹாரோவில் வீடு வைத்திருக்கும் அண்ணரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

சலுகை போனால் சாதாரண வீதம்: முதல் 125,000க்கு இல்லை, அடுத்த 125,000க்கு 2 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம். இந்த வீட்டுக்கு 14,000 பவுண்டு வரும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. வாங்குகிறவர்களில் ஒருவருக்காவது ஏற்கெனவே வேறொரு வீடு இருந்து, அவர் தாம் வசித்த வீட்டை விற்றுவிட்டு மாறாமல் மேலதிகமாக ஒன்று வாங்கினால், முழு விலையின் மீதும் கூடுதலாக 5 சதவீதம் சேரும். 2024 அக்டோபர் 31க்கு முன் 3 சதவீதமாக இருந்தது இப்போது 5 ஆகிவிட்டது. 480,000இல் அது 24,000. இரண்டையும் சேர்த்தால் 38,000 பவுண்டு.

உங்கள் 70,000இலிருந்து இந்த 38,000ஐயும், சொலிசிட்டர் (பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞர்) கட்டணம், கவுன்சில் பதிவேட்டுத் தேடல்கள், கட்டட ஆய்வு ஆகியவற்றுக்கென ஏறத்தாழ 4,000ஐயும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது 28,000க்கு மேல் இல்லை. இங்கிலாந்தில் ஒப்பந்தம் பரிமாறும் நாளில், அதாவது விற்பனை இரு தரப்பையும் கட்டுப்படுத்தத் தொடங்கும் நாளில், வழக்கமாகக் கேட்கப்படும் 10 சதவீத முற்பணம் உங்கள் வீட்டுக்கு 48,000. விற்பவர் குறைத்து வாங்க இணங்கினாலும், 6 சதவீதத்துக்கும் குறைவான முற்பணத்தோடு கடன் தரும் நிறுவனங்கள் குறைவு, வட்டியும் கூடுதல். ஆகவே அண்ணரை உரிமையாளராகச் சேர்க்கும் திட்டம் உங்களுக்கு உதவுவதற்குப் பதிலாகக் காலை வாரிவிடுகிறது.

"முதல் வீடு என்று குறித்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அந்தப் படிவத்தில் இருப்பது உங்கள் உறுதிமொழி. தவறென்று தெரிந்தே கொடுத்தால் மிச்ச வரி, வட்டி, அபராதம் மூன்றும் உங்கள் தலையில்தான் விழும். தரகர் அப்போது வேறு வாடிக்கையாளரோடு இருப்பார்.

யாழ்ப்பாணத்து வீட்டை என்ன செய்வது

அண்ணரை நீக்கிவிட்டு நீங்களும் கணவரும் மட்டும் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் யாழ்ப்பாணத்துப் பாதி குறுக்கே நிற்கும். கூடுதல் 5 சதவீதத்தைப் பொறுத்தவரை, அந்தப் பங்கின் இன்றைய சந்தை மதிப்பு 40,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் அதை விட்டுவிடுவார்கள். அதைத் தொட்டால் கணக்கில் எடுப்பார்கள். கணவன் மனைவி சேர்ந்து வாழும்போது இந்தக் கூடுதல் வரிக்கு இருவரையும் ஒருவராகவே பார்க்கிறார்கள் என்பதால், உங்கள் பெயரில் மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது. பரம்பரையாக வந்த பாதிக்கு மேற்படாத பங்கை, கிடைத்து மூன்று ஆண்டுகளுக்குள் கணக்கில் எடுக்காத விதி ஒன்று உண்டு. ஆனால் 2016இல் வந்த பங்குக்கு அது காலாவதியாகி வெகுநாள் ஆகிறது.

எனவே முதல் வேலையாக அந்த வீட்டின் மதிப்பை எழுத்தில் பெறுங்கள். யாழ்ப்பாணத்தில் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர், வீட்டின் நிலையைக் காட்டும் படங்களோடு அறிக்கை தரட்டும். போரில் இடிந்து கூரையின்றிக் கிடக்கும் சுவர்களையும், ஆட்கள் குடியிருக்கும் வீட்டையும் வரித்துறை ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. அங்கே இருப்பது வெறும் காணியா, குடியிருக்கத்தக்க வீடா என்பது உங்கள் விடையை மாற்றக்கூடும். உங்கள் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை.

மதிப்பு 40,000ஐத் தாண்டுமானால், கணவர் தம் பங்கை உடன்பிறந்தவர்களுக்கு உண்மையாகவே எழுதிக் கொடுப்பதோ விற்பதோ ஒரு வழி. இந்த வீடு உங்கள் கைக்கு வரும் நாளுக்கு முன் அது முடிந்திருக்க வேண்டும். கூடுதல் 24,000 நீங்கும். முதல் வீட்டுச் சலுகை திரும்ப வராது. பெயருக்கு எழுதிவிட்டுப் பின்பு திருப்பி வாங்கும் ஏற்பாடு செய்யாதீர்கள். தகப்பனார் விட்டுப்போன வீட்டைப் பிரிவது பணக்கணக்கு மட்டுமல்ல என்பதும் எனக்குத் தெரியும். கணவர் அதற்கு ஒப்பாவிட்டால் அது நியாயமான மனநிலையே. அப்படியானால் இந்த விலைக்கு வீடு வாங்குவது இப்போது உங்களால் இயலாது என்பதையும் சேர்த்தே அவர் ஏற்க வேண்டும்.

பங்கை எழுதிக் கொடுத்தபின் உங்கள் பெயரில் மட்டும் வாங்கி 9,000 வரியோடு முடிக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் இதுவரை வீடு வைத்திருந்ததில்லை என்பதால் தாளில் அது முடியும். ஆனால் கணவரின் சம்பளத்திலும் சேமிப்பிலும் வாங்கும் வீட்டில் அவருக்குப் பங்கே இல்லை என்று சொல்வது உண்மையாகவும் இருக்க வேண்டும். சாதாரண வீதத்துக்கும் இதற்கும் வேறுபாடு 5,000 பவுண்டு. அதற்காக, உங்களை விட்டுவிட்டுச் செய்ய இருந்த அதே அநீதியை அவருக்குச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அண்ணர் உதவலாம், உரிமையாளராக வேண்டாம்

அண்ணரின் சம்பளம் இல்லாமல் கடன் கிடைக்காது என்பது உண்மையே. உங்கள் இருவரின் 62,000க்கு, பொதுவாகத் தரப்படும் நாலரை மடங்கில் 279,000 வரைதான் கிடைக்கும். ஆனால் கடனில் சேர்வதும் பத்திரத்தில் சேர்வதும் ஒன்றல்ல. கடன் வாங்குபவர்களில் ஒருவராக இருந்தும் உரிமையாளராகப் பதியப்படாமல் ஒருவர் துணை நிற்கும் வீட்டுக் கடன் (மோட்கேஜ்) வகை ஒன்று இங்கே உண்டு. எல்லா நிறுவனங்களும் தருவதில்லை, சில தருகின்றன. "ஜாயின்ட் பாரோயர், சோல் ப்ரொப்ரைட்டர்" என்று அதற்குப் பெயர். உரிமையாளர்கள் இருவராக இருப்பதையும் சில நிறுவனங்கள் ஏற்கின்றன. அண்ணர் வீட்டை வாங்குபவர் அல்லர் என்பதால், ஹாரோ வீடு உங்கள் வரிக்குள் வராது.

இதில் அண்ணருக்கு இருக்கும் ஆபத்தை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. நீங்கள் தவணை கட்டத் தவறினால் முழுக் கடனுக்கும் அவர் பொறுப்பு. வீட்டில் அவருக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. அவருடைய வயதைப் பொறுத்துக் கடன் காலமும் சுருங்கலாம். அதனாலேயே அவர் தமக்கென்று வேறொரு சொலிசிட்டரிடம் தனியாக ஆலோசனை பெற வேண்டும் என்று கடன் நிறுவனங்கள் கேட்கின்றன. கேட்காவிட்டாலும் நான் கேட்பேன்.

அவர் உரிமையாளராகத்தான் இருக்க வேண்டும் என்று குடும்பம் நின்றால், 38,000ஐத் தாங்கும் பணம் இருக்குமானால் மட்டும், யார் எவ்வளவு போட்டார்கள், விற்கும்போது யாருக்கு எவ்வளவு என்பதை நம்பிக்கைப் பொறுப்பு ஆவணமாக எழுதி, வாங்கும் நாளிலேயே அனைவரும் கையெழுத்திடுங்கள். அதோடு, "ஜாயின்ட் டெனன்ட்ஸ்" என்று பதியாமல் "டெனன்ட்ஸ் இன் காமன்" (அவரவர் பங்கு தனித்தனி) என்று பதியச் சொல்லுங்கள். முதல் வகையில், ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு தானாகவே மற்றவருக்குப் போய்விடும். உங்கள் கணவர் முதலில் போனால் அந்த வீடு அண்ணருக்கு; உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உயில் எழுதியிருந்தாலும் அது அந்த வீட்டைத் தொடாது. நான் இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வீடு வாங்கும் படிவத்தில் ஒரு சிறு கட்டத்தில் இடும் குறி இவ்வளவையும் தீர்மானிக்கிறது. அந்தக் கட்டத்தை யாரும் நின்று விளக்குவதில்லை.

இனி உங்கள் பெயருக்கு வருகிறேன். சம்பளம் குறைவு என்பது பெயரை விடுவதற்குக் காரணமே அல்ல. உங்கள் 24,000ஐச் சேர்த்தால் கடன் கூடும், விட்டால் குறையும். பெயர் இல்லாமல் அந்த வீட்டில் குடியேறினால், கடன் நிறுவனம் உங்களிடம் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கும். "இந்த வீட்டில் எனக்கு ஏதும் உரிமை இருந்தாலும் அது உங்கள் கடனுக்குப் பின்னரே" என்பது அதன் பொருள். மனைவி என்ற முறையில் குடியிருக்கும் உரிமையை 1996ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. நிலப் பதிவகத்தில் அதைக் குறித்தும் வைக்கலாம். ஆனால் அது குடியிருக்கும் உரிமை, உடைமை அல்ல. பணம் போட்டதன் வழியாகப் பங்கு கேட்டு வழக்காடவும் சட்டத்தில் இடமுண்டு. அந்த வழக்குகள் நீளும், செலவும் பெரிது. பெயரைப் பதிவு செய்தால் இவை எதுவும் தேவையில்லை.

சீட்டுக் காசும் ஐசாக் கணக்கும்

20,000 பவுண்டைச் "சிறிது சிறிதாக 10,000க்குக் கீழே வங்கியில் போடச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அதற்குக் கீழே போட்டால் கேள்வி வராது என்று ஒரு பாதுகாப்பான தொகை கிடையாது. பிரித்துப் போடுவதே சந்தேகத்துக்கு இடமாகும். பணமோசடித் தடுப்பு விதிகள் 2017இன் கீழ், முற்பணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் சொலிசிட்டர் கேட்டே ஆக வேண்டும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அவர் உரிய இடத்துக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்; அறிவித்தேன் என்று உங்களிடம் சொல்லவும் அவருக்கு அனுமதியில்லை.

சீட்டு நம் மக்களிடையே நேர்மையாக நடப்பதுதான். வெளியாருக்கு அது விளங்க வேண்டும், அவ்வளவே. மாதாமாதம் நீங்கள் கட்டிய தொகை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்ததாகத் தெரிந்தால் அந்த அறிக்கைகள், சீட்டுக் குறிப்பேட்டின் பக்கங்கள், சீட்டுப் பிடிப்பவர் எழுதித் தரும் கடிதமும் அவருடைய அடையாளச் சான்றும்: இவற்றைத் திரட்டுங்கள். முழுத் தொகையையும் ஒரே தடவையாக வங்கியில் போட்டு, கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சில கடன் நிறுவனங்கள் இதை ஏற்காமலும் போகலாம். அதனால் வீட்டுக்கு விலை பேசுமுன் சொலிசிட்டரிடமும் தரகரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும். அக்காவின் 10,000க்கு, அது திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு, வீட்டில் அவருக்குப் பங்கில்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் போதும். அவருடைய வங்கி அறிக்கையும் வேண்டும். உண்மையில் அது கடனாக இருந்தால் அன்பளிப்பு என்று எழுதக் கூடாது.

லைஃப்டைம் ஐசாவில் நீங்கள் 8,000 போட்டு அரசு 2,000 சேர்த்திருக்கிறது. அந்தக் கணக்கை 450,000 பவுண்டுக்கு மேற்படாத வீட்டுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். 480,000 வீட்டுக்காக எடுத்தால் 25 சதவீதம் பிடிப்பார்கள். 10,000இல் 2,500 போய் 7,500 கைக்கு வரும். நீங்கள் போட்ட 8,000இலேயே 500 குறையும். இதை யாரும் உங்களிடம் சொல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

தோட்டத்து அறை

அந்த அறையின் வாடகையைக் கொண்டு தவணையில் ஒரு பகுதியைக் கட்டலாம் என்ற உங்கள் நம்பிக்கையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் சேமிப்பறையோ உடற்பயிற்சி அறையோ கட்டுவதற்கு, அளவுக்கு உட்பட்டால், திட்ட அனுமதி தேவைப்படாமல் இருக்கலாம். ஒருவர் சமைத்துக் குளித்துத் தங்கும் தனி வீடாக அதைப் பயன்படுத்த அனுமதி வேண்டும். நியூஹாம் இதில் மிகக் கண்டிப்பான கவுன்சில். லண்டனிலேயே வாடகைக்கு விடுபவர்களுக்கான உரிமம் என்பதைப் பகுதி முழுவதும் முதலில் கொண்டுவந்தது இங்கேதான், 2013இல். முன்பு நான்கு ஆண்டு கடந்துவிட்டால் நடவடிக்கை இல்லை என்ற நிலை இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் முடிந்த கட்டுமானங்களுக்கு அது பத்து ஆண்டு. நடவடிக்கை வந்தால் அது கட்டியவரைத் தேடிப் போகாது. அன்று உரிமையாளராக இருப்பவரிடம்தான் வரும்.

லாஃப்ட் அறைக்கும் இதே கவனம் வேண்டும். வரிசை வீட்டில் 40 கன மீட்டர் வரை கூரையை விரிக்கத் திட்ட அனுமதி வேண்டியதில்லை என்றாலும், கட்டட விதிகளின்படி முடிப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். விற்பவர் அதைத் தராமல் "காப்பீடு எடுத்துத் தருகிறேன்" என்பார். அந்தக் காப்பீடு கவுன்சில் நடவடிக்கையால் வரும் பண இழப்பை ஈடுசெய்யலாம். தீப்பிடித்தால் மாடியிலிருந்து பிள்ளைகள் இறங்க வழி இருக்கிறதா என்பதை அது பார்க்காது. ஆகவே கடன் நிறுவனம் செய்யும் மதிப்பீட்டோடு நிற்காமல், இவ்வளவு பழைய, மாற்றிக் கட்டிய வீட்டுக்கு நிலை மூன்று எனப்படும் முழுமையான கட்டட ஆய்வைச் செய்விக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: சொலிசிட்டரைக் கேட்காமல் நீங்களாகக் கவுன்சிலை அழைத்து விசாரிக்காதீர்கள். அழைத்த பிறகு அந்தக் காப்பீடு கிடைக்காமல் போகும்.

அங்கே குடியிருப்பவரைப் பற்றியும் ஒரு சொல். 2025ஆம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் காரணம் காட்டாமல் ஒருவரை வெளியேற்ற முடியாது. அவர் போய், அறை காலியானதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே ஒப்பந்தம் பரிமாற வேண்டும். "விற்பனை முடிந்ததும் போய்விடுவார்" என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். அவரும் நம்மைப் போல எங்கிருந்தோ வந்து இடம் தேடியவராகவே இருப்பார். அவருக்குரிய காலத்தை விற்பவர் தரட்டும். வருமானம் வேண்டுமானால், கடன் நிறுவனத்தின் சம்மதத்தோடு உங்கள் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையை விடலாம்; ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை அதற்கு வருமான வரி இல்லை.

"தம் ஆட்களுக்கே" என்ற பேச்சு

வீட்டு முகவர், "சொந்தக்காரர் தம் ஆட்களுக்கே கொடுக்க விரும்புகிறார், 1,000 பவுண்டு ரொக்கமாகத் தந்தால் பேசிப் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இனத்தைக் காரணமாக்கி வீடு விற்க மறுப்பது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்துக்கு விரோதம். விற்பவருக்கு மட்டுமன்றி முகவருக்கும் அது பொருந்தும். உண்மையில் சொந்தக்காரர் அப்படிச் சொன்னாரா, பணத்துக்காக முகவர் கட்டிய கதையா என்று தெரியாது. இரண்டில் எதுவானாலும் அந்த 1,000ஐக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் பரிமாறும் வரை இங்கிலாந்தில் எந்தப் பேச்சும் யாரையும் கட்டுப்படுத்தாது. நீங்கள் ரொக்கம் தந்த மறுநாளே வேறொருவருக்கு விற்கலாம். அவர் கேட்டதை மின்னஞ்சலில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மாட்டார் என்றே நினைக்கிறேன்.

"கலப்பான இடம், ஹாரோப் பக்கம் வாருங்கள், இங்கே விலை விழும்" என்று உறவினர் சொல்வதற்கு, சட்டத்தில் பதில் இல்லை. என் கருத்தைச் சொல்கிறேன். பல நாட்டவர் நெருங்கி வாழ்வதால்தான் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மகாலட்சுமி கோயிலும், சற்றுத் தள்ளி மேனர் பார்க்கில் முருகன் கோயிலும் நமக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைத்தன. வீட்டின் மதிப்பை நான் எடைபோடும்போது, அந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள் என்பதை ஒருபோதும் பார்ப்பதில்லை. பத்திரம் தெளிவாக இருக்கிறதா, கூரையும் அடித்தளமும் உறுதியா, ரயில் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறேன். உங்கள் பிள்ளைகளின் பள்ளி இங்கே இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அந்த லாஃப்ட் எப்போது கட்டப்பட்டது, பொதுச் சுவரில் சண்டை ஏதும் உண்டா என்று கேளுங்கள். விற்பவரின் படிவத்தில் வராத செய்தி அங்கே கிடைக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

இந்த வீட்டை விட்டுவிடுவேன். வரி 14,000ஆகக் குறைந்தாலும், மீதமுள்ள பணத்தில் செலவுகளும் ஐசாவில் பிடிக்கும் 2,500உம் போக 49,500 முற்பணமாகி, 430,500 கடன் வாங்க வேண்டும். 5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 2,300 பவுண்டு. உங்கள் இருவரின் சம்பளமும் வரி போக மாதம் ஏறத்தாழ 4,300 தான் கைக்கு வரும். பாதிக்கு மேல் தவணைக்கே போனால், ஒருவர் நோயில் விழுந்த மாதத்தில் அண்ணரிடம் போய் நிற்க வேண்டும். அண்ணர் துணை நிற்கிறார் என்பதற்காக அவரையும் சேர்த்து இழுக்கக் கூடிய அளவு கடன் வாங்குவது அவருக்குச் செய்யும் நன்றியாகாது.

450,000க்குக் குறைவாக, தோட்டத்து அறை இல்லாத, சான்றிதழ்கள் உள்ள சிறிய வீட்டைத் தேடுங்கள். ஐசாப் பணமும் முழுதாகக் கிடைக்கும். வீட்டின் ஒரு பங்கை மட்டும் வாங்கும் பகுதி உரிமைத் திட்டத்தில் வரும் புதிய அடுக்ககங்கள் நியூஹாமின் ராயல் டாக்ஸ், ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கங்களில் உண்டு. லண்டனில் குடும்ப வருமானம் 90,000க்கு உட்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் மிச்சப் பங்குக்கு வாடகையும், பராமரிப்புக் கட்டணம் முழுவதும் நீங்களே கட்ட வேண்டும் என்பதையும், யாழ்ப்பாணத்துப் பங்கு அங்கும் கேட்கப்படும் என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அண்ணரிடம் பேசுவது உங்கள் தனிச் சுமையாக இருக்கக் கூடாது. கணவர் பேசட்டும், நீங்களும் உடனிருங்கள். அவர் சொல்லை மறுப்பதாகத் தொடங்காமல், "உங்கள் பெயர் பத்திரத்தில் வந்தால் 38,000 பவுண்டு வரி வருகிறதாம் அண்ணா, கடனில் மட்டும் துணை நின்றால் போதுமாம், அதிலும் உங்களுக்கு ஆபத்து இருக்கிறது, நீங்களே ஒரு சொலிசிட்டரைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். உங்களை இந்த நாட்டுக்கு எடுத்து ஆளாக்கியவர், இந்தக் கணக்கைப் பார்த்தால் தாமே விலகி நிற்பார் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. அதே பேச்சில் உங்கள் பெயரைப் பற்றியும் கணவர் சொல்ல வேண்டும்: "வீடு எங்கள் இருவர் பெயரிலும்" என்று.

முகவர் தந்த வெள்ளிக்கிழமை கெடுவைப் பொருட்படுத்தாதீர்கள். யாழ்ப்பாணத்து மதிப்பீடு வரும் வரை விலை எதற்கும் சம்மதம் சொல்ல வேண்டாம். அது வந்ததும், முகவரோ தரகரோ பரிந்துரைத்தவரை அன்றி, நீங்களே தேடிய சொலிசிட்டர் ஒருவரிடம் அந்த அறிக்கை, 2016 பத்திரத்தின் நகல், ஆறு மாத வங்கி அறிக்கைகள், சீட்டுக் குறிப்பேடு ஆகியவற்றோடு இருவருமாகச் செல்லுங்கள்.